கொச்சி யூதரின் செப்பேடும் குருதியும்

எங்கள் திருச்செந்தூர்க் கோயிலில் வரகுண பாண்டியன் கல்வெட்டொன்று வட்டெழுத்தில் உளது. அவ்வெழுத்திலேயே, ஏறக்குறைய கி.பி. 1000-ஆம் ஆண்டில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் பொறித்து அளித்தான்.

உரிமையைக் கூறும் செப்பேடு, அவன் கூட்டத்தார் எவரை மணந்தனர் என்று கூறுமோ? ஏட்டளவில் நின்ற வினாவன்று இது. கொச்சியில் 1568-இல் எழுந்த பரதேசித் தொழுகைக் கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர்க்குச் சம இடம் மறுக்கப்பட்டது. அவ்வழியில் தோன்றிய வழக்கறிஞர் ஏ. பி. சேலம், இருபதாம் நூற்றாண்டில் காந்தியடிகள் நெறியில் அதனை எதிர்த்துப் போராடினார்.

இனி அறிவியல் கூறுவதைக் கேளுங்கள். பெற்றோர் தரும் மரபணு இழை தலைமுறைதோறும் வெட்டுண்டு மாறி இணைகிறது. ஆதலின் அயல்வழித் துண்டு நீண்டிருப்பின் கலப்பு அண்மையது, குறுகியிருப்பின் தொன்மையது. இவ்வாறு அளந்த ஆராய்ச்சியாளர் 2016-இல் வெளியிட்ட முடிவு யாது? கொச்சி யூதரிடம் யூத மரபும் இந்திய மரபும் ஒருங்கே உள்ளன. 13 முதல் 22 தலைமுறைகளுக்கு முன், அதாவது சுமார் 470 முதல் 730 ஆண்டுகளுக்கு முன், யேமன், ஸ்பெயின், மேற்காசியா ஆகிய வழிகளின் யூதக் குருதி வந்து கலந்துள்ளது.

இக்காலம் செப்பேட்டிற்குப் பிற்பட்டதாயிற்றே எனலாம். அதனாற் செப்பேடு பொய்யாகாது. முன்வந்தோரின் நைந்த துண்டுகளினும் பின்வந்தோரின் நெடிய துண்டுகளே அளவைக்கு எளிதில் அகப்படும். தம்முள்ளேயே மணந்து சுருங்கிய சிறு கூட்டம் என்பதையும் அவ்விழைகளே காட்டின. அக்கூட்டத்துட் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர். செப்பேடு கொச்சியிலேயே தங்கிற்று.