ஜேசன் மொலினாவை எங்கிருந்து கேட்பது?

அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் லொரெய்ன் என்று ஒரு எஃகு ஆலை ஊர். 1973-ல் பிறந்து, அங்கே வளர்ந்தவர் ஜேசன் மொலினா. 'சாங்ஸ்: ஒஹையா' என்பது பேருக்குத்தான் பேண்ட், நிரந்தர ஆள் அவர் மட்டும்தான். கூட வாசிப்பவர்கள் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறுவார்கள்.

2000-ல் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆல்பம். அதில் 'தி லயனெஸ்' ஸ்காட்லாந்துக் கலைஞர்களோடு கிளாஸ்கோவில் பதிவானது. 2002-ல் 'டிடன்ட் இட் ரெயின்': எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தது, பிறகு எதையும் மேலே சேர்க்கவில்லை. மெதுவான, இருட்டான இசை. என் கணக்கில் அவருடைய உச்சம் இதுதான்.

2003-ல் சிகாகோவில் ஸ்டீவ் அல்பினி பதிவு செய்த 'மேக்னோலியா எலக்ட்ரிக் கோ.' வந்தது. அந்தப் பெயரையே அடுத்த பேண்டுக்கும் வைத்துவிட்டார். அது பழைய பேண்டின் கடைசி ஆல்பமா, புதியதன் முதல் ஆல்பமா? ரசிகர்களைக் கேட்டால் சண்டைதான்.

பிறகு குடி. 2011-ல் சிகிச்சையில் இருந்தவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. குடும்பம் ரசிகர்களிடம் உதவி கேட்க வேண்டி வந்தது. 2013 மார்ச்சில் இறந்தார். வயது 39.

இது தெரிந்தபின் எல்லாப் பாட்டுமே மரண வாக்குமூலம் மாதிரி கேட்கும். அப்படிக் கேட்காதீங்க. பத்து வருஷத்துக்கு மேல், கிட்டத்தட்ட வருஷம் ஒரு ஆல்பம் கொடுத்த உழைப்பாளி அவர். 'டிடன்ட் இட் ரெயின்'லிருந்து ஆரம்பிங்க.