பொலியிலிருந்து சம்பளத்துக்கு

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் உழைத்தவனுக்கு நெடுங்காலமாகக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. போடியாரின் வயலில், முல்லைக்காரரின் மேற்பார்வையில், விதைப்பு முதல் சூடு மிதிப்பு வரை அவன் வேலை செய்தான். கூலியோ களத்தில் பொலியிலிருந்து அளக்கப்படும் நெல். இடையே வாங்கிய முற்பணம் அதிலே கழியும். விளைவு பொய்த்த ஆண்டில் கடனே எஞ்சும். இதனைப் பழைய பொற்காலம் என்று பாடுவோர் அக்கடனை மறந்துவிடுகின்றனர்.

வடக்கே வாழைச்சேனையில் 1956ஆம் ஆண்டு காகித ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் மூலப்பொருள், விந்தையாக, அதே வயலின் வைக்கோல்! அதனை எரிசோடாவில் அவித்துக் கூழாக்கினர். காகித இயந்திரத்தை நினைத்தபோது நிறுத்தவும் ஓட்டவும் இயலாது. ஆதலால் இரவும் பகலும் முறைவேலை. பொழுது பார்த்து வாழ்ந்தவன் மணி பார்க்கலானான். கூலி, நெல்லாகவன்றிப் பணமாக வந்தது.

அமெரிக்காவின் லோவெல் நகர நெசவாலைகளில் இம்மாற்றம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நிகழ்ந்தது. கூலிக்குறைப்பை எதிர்த்து 1834இல் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1845இல் பத்துமணி நேர வேலை கோரி மாநிலச் சட்டமன்றுக்கு விண்ணப்பித்தனர். மன்று இணங்கவில்லை.

வாழைச்சேனைத் தொழிலாளி அத்துணை வெறுங்கையோடு ஆலைக்குள் நுழையவில்லை. 1935இன் தொழிற்சங்கச் சட்டமும் 1942இன் தொழிற்சாலைச் சட்டமும் அவனுக்கு முன்பே அங்கிருந்தன. 1958இல் ஊழியர் சேமலாப நிதியும் வந்தது. பிற்காலத்தில் போரினால் ஆலை நலிந்தது வேறு கதை.

ஆனால், அவ்வாலைக்கு வைக்கோல் ஈந்த வயலில் சூடு மிதித்த கூலியாளின் கைக்கு அச்சேமலாபம் எட்டவில்லை.