வாக்காளரும் மக்களும்: 1955ஆம் ஆண்டுத் தேர்தல் தரும் பாடம்

மக்களாட்சியைப் பற்றிப் பேசுவோர் ஒரு கருத்தை அடிக்கடி எடுத்துரைப்பர். வேட்பாளரின் எண்ணமும் வாக்காளரின் எண்ணமும் எவ்வளவுக்கு நெருங்கியுள்ளனவோ, அவ்வளவுக்குத் தேர்தல் சிறப்புடையது என்பதே அது. கேட்பதற்கு இக்கருத்து முறையாகவே தோன்றுகிறது. ஆனால், வாக்காளர் எனப்படுவோர் யாவர்? ஒரு நாட்டில் வாழும் மக்கள் ஒருவிதமாகவும், வாக்காளர் பட்டியல் வேறுவிதமாகவும் இருக்குமாயின், வேட்பாளர் எவருடைய எண்ணத்தை ஒட்டி நிற்பது? மலாயாவின் முதற் பொதுத் தேர்தலிலேயே இக்கேள்வி எழுந்தது. அதன் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் வாக்களிப்பு நடைபெற்றது. அந்நாளையக் கூட்டரசுச் சட்டமன்றத்தின் 98 இடங்களுள் 52 மட்டுமே மக்கள் வாக்கினால் நிரப்பப்பட்டன. பட்டியலில் பதிவு பெற்றிருந்தோர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். 11 பேர் சீனர். இந்தியரும் பிறரும் சேர்ந்து ஐந்து பேருக்கும் குறைவு. ஆனால் 1957ஆம் ஆண்டுக் குடிமதிப்பு காட்டும் கணக்கோ வேறு. மக்கள் தொகையில் மலாய்க்காரர் ஏறக்குறைய சரிபாதி. சீனர் நூற்றுக்கு 37. இந்தியர் நூற்றுக்கு 11.

இவ்வளவு பெரிய வேற்றுமைக்குக் காரணம் என்ன? முதன்மையான காரணம் குடியுரிமைச் சட்டம். 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கை விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. 1952இல் அவை ஓரளவு தளர்த்தப்பட்ட பின்னரும், மலாய்க்காரரல்லாதார் பலர் குடியுரிமை பெறாமலே இருந்தனர். உரிமை பெற்றவருள்ளும் பெயரைப் பதிவு செய்யாதோர் பலர். தோட்டங்களில் பால் வெட்டி இந்நாட்டின் செல்வத்தைப் பெருக்கிய நம்மவருள் பெரும்பாலோருக்கு, அந்த ஜூலை 27 மற்றொரு வேலை நாளாகவே கழிந்தது.

வாக்காளர் பட்டியலை மட்டும் பார்க்கும் கட்சி என்ன செய்திருக்கும்? வேட்பாளரையும் அதற்கேற்பவே நிறுத்தியிருக்கும். அம்னோவுக்குள்ளேயே, கூட்டணி வேட்பாளருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மலாய்க்காரராக இருத்தல் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு இணங்கவில்லை. தலைமைப் பதவியைத் துறக்கவும் தயார் என்று உறுதியாக நின்றார். முடிவில் அம்னோவின் சார்பில் 35 பேரும், ம.சீ.ச.வின் சார்பில் 15 பேரும், ம.இ.கா.வின் சார்பில் 2 பேரும் நிறுத்தப்பட்டனர். அதாவது, மூன்றிலொரு பங்கு வேட்பாளர் மலாய்க்காரரல்லாதார். கூட்டணியின் வேட்பாளர் வரிசை, வாக்காளர் பட்டியலைக் காட்டிலும் நாட்டு மக்களின் உண்மை நிலைக்கு நெருங்கியதாக அமைந்தது.

எதிர்ப்புறத்தில் நின்றவர் டத்தோ ஓன் ஜாபார். 1946இல் அம்னோவைத் தோற்றுவித்து அதன் முதல் தலைவராக விளங்கியவர் அவரே. அக்கட்சியில் ஏனைய இனத்தாருக்கும் இடமளிக்க வேண்டும் என்று அவர் கூறியதை உறுப்பினர் ஏற்காததால், 1951இல் வெளியேறி மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில், 12 இடங்களுள் அக்கட்சிக்குக் கிட்டியவை இரண்டே, அம்னோவும் ம.சீ.ச.வும் சேர்ந்து ஒன்பதைக் கைப்பற்றின. பின்னர் 1954இல் அவர் நெகாரா கட்சியை அமைத்தார். இம்முறை மலாய்க்காரரின் நலனே அவருடைய பேச்சில் முன்னின்றது.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரராயுள்ள பட்டியலில், மலாய்க்காரர் நலனையே முழங்கிய கட்சி வென்றிருக்க வேண்டுமல்லவா? ஆனால் நெகாரா கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. டத்தோ ஓன் தம் சொந்த ஊராகிய ஜோகூர் பாருவிலேயே தோற்றார். கூட்டணி 52 இடங்களுள் 51ஐ வென்றது. கிரியான் தொகுதி ஒன்றே இஸ்லாமியக் கட்சியிடம் சென்றது. ம.இ.கா.வின் இருவரும் வெற்றி பெற்றனர். வட கிந்தாவில் வீ. தி. சம்பந்தனையும், பத்து பகாட்டில் யாழ்ப்பாணத் தமிழராகிய செல்வசிங்கம் மெக்கின்டயரையும் சட்டமன்றத்திற்கு அனுப்பியவை பிற இனத்தாரின் வாக்குகளே.

இதனால், மலாய் வாக்காளர் கூட்டணியின் எல்லாக் கொள்கைகளையும் ஏற்றனர் என்று கொள்ளலாமா? அவ்வாறு கொள்வது பொருந்தாது. வாக்குச் சீட்டு ஒன்று. அதனுள் அடங்கிய கேள்விகளோ பல. 1955இல் அக்கேள்விகளுள் தலையாயது சுதந்திரம். நான்கு ஆண்டுகளில் அதைப் பெற்றுத் தருவோம் என்றது கூட்டணி. அவ்வொன்றில் வேட்பாளரும் வாக்காளரும் ஒத்து நின்றனர். குடியுரிமை, மொழி முதலிய சிக்கல்கள் பின்னர் ரீட் ஆணைக்குழுவின் ஆய்வுக்கும், கட்சிகளுக்கிடையே நடந்த பேச்சுக்கும் உரியவையாயின.

1957 ஆகஸ்டு 31இல் சுதந்திரம் வந்தது. தலையாய கேள்வி தீர்ந்தது, ஏனையவை மேலெழுந்தன. குடியுரிமை விரிந்ததால் 1959ஆம் ஆண்டுப் பட்டியலில் மலாய்க்காரரின் பங்கு நூற்றுக்கு 57 அளவுக்குக் குறைந்தது. அவ்வாண்டு கூட்டணிக்கு நாடாளுமன்றத்தின் 104 இடங்களுள் 74 கிடைத்தன; வாக்குகளிலோ பாதிக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. கிளந்தானும் திரங்கானுவும் இஸ்லாமியக் கட்சியின் ஆட்சிக்குச் சென்றன. முன்பு தோற்ற டத்தோ ஓன், திரங்கானுவில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். நான்கே ஆண்டுகளில் மக்கள் மனம் முற்றும் மாறிவிட்டது என்பதைவிட, அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி மாறியது என்பதே பொருத்தம்.

ஆகவே, வேட்பாளர் வாக்காளருக்கு எவ்வளவு நெருங்கியவர் என்று அளக்குமுன், இரண்டைக் கேட்டறிதல் வேண்டும்: எந்தக் கேள்வியில் நெருங்கியவர்? பட்டியலுக்குப் புறத்தே நிற்போர் யாவர்? பட்டியலை ஒட்டியே 1955இன் தலைவர்கள் நடந்திருந்தால், அன்று வாக்கில்லாத பல லட்சம் பேரின் வாழ்வு பற்றிப் பேசச் சட்டமன்றத்தில் ஆள் அரிதாயிருக்கும். எனினும், தலைவர் ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பியே ஒரு சமுதாயம் என்றும் வாழ இயலாது. இன்று மலேசியாவில் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த மாற்றம் இது. ஆயினும் பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இன்றி அப்பட்டியலுக்குப் புறத்தே நிற்கும் நம்மவர் இன்னும் உளர். வாக்கு இல்லாதவரின் எண்ணத்தை நாடி வர எந்த வேட்பாளருக்கும் கட்டாயமில்லை. அவர்தம் பத்திரங்களை முடித்துக் கொடுப்பது, மேடையில் நூறு பேச்சுப் பேசுவதினும் முந்திச் செய்யத்தக்க பணியாகும்.