மண்ணுக்குள் போன வேலி

பென்சில்வேனியாவின் சாலைகளில் ஊர் ஊராகப் போய்ப் பொருள் விற்றுவந்த ரிச்சர்ட் பெக்கின் கண்ணில் அடிக்கடி பட்டவை, கார் மோதிச் செத்துக்கிடந்த வளர்ப்பு நாய்கள். கட்டிப்போட்டால் நாய் குரைத்தே ஓய்ந்துபோகும். மரவேலி போடலாமென்றால் அமெரிக்கப் புறநகர்களில் வேறொரு வழக்கம்: வீட்டு முன்புறப் புல்வெளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பச்சையாகத் தெரிய வேண்டும். பல குடியிருப்புகளில் முன்வேலிக்கு அனுமதியே இல்லை. வேலியும் வேண்டும், அது கண்ணில் படவும் கூடாது. பெக்குக்கு 1973-இல் கிடைத்த காப்புரிமை இந்த விநோதத் தேவைக்கான பதில்தான்.

பொருள் எளியது. வீட்டுக்குள் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர். அதிலிருந்து புறப்படும் கம்பி, ஓரிரு அங்குல ஆழத்தில் புல்லுக்கடியில் வீட்டைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே சேரும். கம்பியில் மெல்லிய ரேடியோ சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். நாயின் கழுத்துப்பட்டையிலுள்ள கருவி கம்பியை நெருங்கியதும் முதலில் கீச்சென்று ஒலி எழுப்பும். மீறினால் இரண்டு உலோகக் காம்புகள் வழியே சுரீரென்று ஒரு மின் அதிர்வு. மின்சாரம் வருவது மண்ணிலிருந்து அல்ல, பட்டையிலுள்ள பேட்டரியிலிருந்து.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. வீட்டுச் சுவரிலிருந்து எல்லை வரை போகும் கம்பியையும் திரும்பிவரும் கம்பியையும் சடைபோல முறுக்கிவிடுவார்கள். எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ள, அந்த இடத்தில் மட்டும் கம்பி ஊமையாகிவிடும். நாய் அதன்மேல் தாராளமாக நடக்கலாம்.

கம்பி புதைப்பது ஒரு நாள் வேலை. நாய்க்குக் கற்றுக்கொடுக்க இரண்டு வாரமாவது ஆகும். எல்லை நெடுக வெள்ளைக் கொடிகளை நட்டு, கயிற்றில் பிடித்து அழைத்துப்போய், கீச்சொலி கேட்டதும் பின்வாங்கப் பழக்குவார்கள். பிறகு கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். நன்றாகப் பழகிய நாய், பட்டையைக் கழற்றிய பிறகும் அந்தக் கோட்டைத் தாண்டத் தயங்கும். உலாப் போக வேண்டுமென்றால் காரில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அணில் குறுக்கே ஓடினால் கதை வேறு. வேட்டை வேகத்தில் ஒரு சுரீருக்கு என்ன மதிப்பு? ஓடிவிடும். துரத்தல் முடிந்து திரும்பும்போதுதான் சிக்கல்: வீட்டுக்குள் வரவும் அதே அடியை வாங்க வேண்டும். தெருநாய் உள்ளே நுழைவதையும் இந்த வேலி தடுக்காது. ஒஹாயோவில் கால்நடை மருத்துவமனைகளுக்கு வந்த நாய்களைப் பற்றி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மின்னணு வேலிக்குள் வளர்ந்தவற்றில் 44 சதவீதம் தப்பியோடியிருந்தன. ஊடுருவிப் பார்க்கக்கூடிய சாதாரண வேலிக்குள் வளர்ந்தவற்றில் 23 சதவீதம்தான்.

1990-இல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் போட்டி நிறுவனங்கள் புகுந்தன. நீங்களே புதைத்துக்கொள்ளும் பெட்டிகள் கடைக்கு வந்தன. கடல் தாண்டியதும் வரவேற்பு மாறியது. வேல்ஸ் 2010-இல் அதிர்வுப் பட்டைகளையே தடைசெய்தது. அடுத்த ஆண்டு அங்கே முதன்முதலில் தண்டிக்கப்பட்டவருக்கு 2,000 பவுண்டு அபராதம். அவருடைய நாய் அந்தப் பட்டையோடு கடற்கரையில் சுற்றித்திரிந்தது என்பது வழக்கின் வேடிக்கை. வலியால் கற்பிப்பது தேவையா என்று கேட்பவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் சாலையில் நசுங்கிய நாயைப் பார்த்த பெக்கை என்னால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

பிறகு கம்பியும் போயிற்று. முதலில் வீட்டிலிருந்து வட்டமாகப் பரவும் ரேடியோ அலை, இப்போது செயற்கைக்கோள். கைபேசி வரைபடத்தில் விரலால் கோடு இழுத்தால் வேலி தயார், சில மீட்டர் பிசகோடு. நார்வேயில் மலைச்சரிவில் மேயும் ஆடுகளும் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் இத்தகைய பட்டைகளை அணிகின்றன. எல்லை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். பெரும்பாலான ஆடுகள் அதைக் கேட்டே திரும்பிவிடும்.

புல்லுக்கடியில் இருந்த பழைய கம்பிகளை யாரும் தோண்டி எடுப்பதில்லை. வீடு கைமாறி, புதிதாக வந்தவர் ரோஜாச் செடிக்குக் குழிவெட்டும்போது மண்வெட்டியில் ஏதோ சிக்குகிறது. அவரிடம் நாய் இல்லை.