ஆவடி: பெயரும் போரும்

ஆவடி என்பது ஆங்கில எழுத்துகளைக் கோத்து அமைத்த பெயர் என்று நம் வட்டத்துக் கூட்டமொன்றில் அன்பர் ஒருவர் மொழிந்தார். 'இந்தியக் கவச வாகனக் கிடங்கு' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாம்! மறுப்பாரின்றித் தலையசைத்தோம். யானும் அசைத்தேன்.

கவச ஊர்தியாகிய டாங்கி முதன்முதல் போர்க்களம் கண்டது 1916இல். இராயபுரத்திலிருந்து மேற்கே 1856இல் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதையிலோ, அந்நூற்றாண்டிலேயே ஆவடி ஒரு நிலையம். பேரன் பெயரைப் பாட்டனுக்கு இட்ட கதையாயிற்று நம் கதை.

போருக்கும் இவ்வூருக்கும் உறவில்லை என்பதன்று. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசினர். சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினர். கடலினின்று உள்ளொதுங்கி, இரயில் பாதையோரம் கிடந்த ஆவடி அப்போர்க்காலத்தில் படைத்தளமாயிற்று. கிடங்குகளும் கொட்டகைகளும் எழுந்தன. போர் ஓய்ந்தபின் 1955 ஜனவரியில் அங்குக் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிசப் பாங்கான சமுதாயமே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. நாடெங்கும் 'ஆவடித் தீர்மானம்' எனப் பேசப்பட்டது. கனரக ஊர்தித் தொழிற்சாலை தோன்றியதோ 1961இல்தான்! அங்கிருந்து 1965இல் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது; 1971 போரில் அவ்வகை டாங்கிகள் களம் கண்டன.

2019இல் ஆவடி மாநகராட்சியாயிற்று. புதுக் குடியிருப்புகளில் வந்து சேர்ந்தோரும் அதே சுருக்கக் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். அடுத்த கூட்டத்தில் அவ்வன்பரிடம் இரயில் நிலையத்தைப் பற்றி முதலில் பேசவேண்டும்.