வீதியும் இசைத்தட்டும்: கோணமாமலை மேளமரபை முன்வைத்து

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துக் கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கும் சுவாமி மலையிலே கோணேசர் கோயில் அமைந்துள்ளது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இத்தலத்தின்மீது பதிகம் பாடினார். அப்பதிகத்தின் சொல் ஏட்டிலே நின்றது. பண்ணின் பெயரும் நின்றது. ஆயின், அன்று அது ஒலித்தவாறு யாதென இன்று கூறவல்லார் எவருமிலர். இசை வரலாறு எழுதப் புகுவார் யாவரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே. நிகழ்த்தும் கணத்திலேயே மறைந்துபோகும் ஒரு கலையில், கலைஞனின் தகுதியை எதனைக்கொண்டு அளப்பது? நேரிற் கேட்டார் நினைவா, எஞ்சிய ஒலிப்பதிவா?

இவ்வினாவிற்குப் பெரியமேள மரபு தக்கதோர் உரைகல்லாகும். போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் திருவுருவங்கள் சில 1950 இல் நிலத்தினின்றும் வெளிப்பட்டன. புதுக்கப்பெற்ற கோயிலுக்கு 1963 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. சிவாலய விழாக்களில் நாகசுரமும் தவிலும் இன்றியமையாதன. சுவாமி புறப்படுங்கால் கம்பீர நாட்டையில் மல்லாரி ஒலிக்கும். வீதியிலே இராக ஆலாபனை விரியும். பள்ளியறையிலே நீலாம்பரி தாலாட்டும். காவுவோரின் நடைக்கும், இடையிடையே சுவாமி நின்றருளும் பொழுதுக்கும் ஏற்ப இசையை நீட்டவும் சுருக்கவும் கலைஞன் வல்லனாதல் வேண்டும். மூச்சின் வலிமை, பொழுதறிந்து இராகந் தெரியும் திறம், ஒரே இராகத்தைக் கூறியது கூறாது நெடுநேரம் வளர்க்கும் கற்பனை ஆகியவற்றையே வீதியில் நின்று கேட்ட இரசிகர் மதிப்பிட்டனர்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டு வந்தபோது இவ்வளவுகோல் மாறியது. அதன் ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு நிமிடங்களையே கொள்ளும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி இராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கும் ஆற்றலாற் புகழ்பெற்றவர். தட்டிலே கிடைப்பது அப்பெருவெள்ளத்தின் ஒரு குடமே. நாதத்தின் இனிமையும் பிடிகளின் தெளிவும் அதிற் புலனாகும். ஆலாபனையின் விரிவு புலனாகாது. தட்டை மட்டும் கேட்டு அவரை மதிப்பிடுவோர், அவர்தம் கலையின் ஒரு கூற்றையே மதிப்பிடுகின்றனர்.

ஈழத்துத் தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் (1933–1975) வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். ஈழத்திலும் தமிழகத்திலும் பெருமதிப்புப் பெற்ற அவர் நாற்பத்தொரு வயதிலே மறைந்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம், 2016 இல் அறிவிக்கப்பெற்ற இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளுள் ஒன்றைப் பெற்றது. வலந்தலையில் கூடணிந்த விரல்களும் தொப்பியில் கழியும் எழுப்பும் பேரொலியைப் பழைய ஒலிநாடா முழுமையாகக் கொள்ளாது. எனினும், அவர் வகுத்த கணக்கின் நுட்பத்தை மீண்டும் மீண்டும் கேட்டு ஆராய உதவுவதும் அதே நாடாவே.

இவ்வாறாயின் நேரிற் கேட்டலே முடிந்த முடிபாகுமோ எனின், ஆகாது. நேரிற் கேட்டார் நினைவு ஆண்டு செல்லச் செல்ல வளரும். வியப்பு வரலாறாக மாறிவிடும். கலைஞனின் பெயரும் தோற்றமும் கூட்டத்தின் ஆரவாரமும் செவியை மயக்குதலும் உண்டு. இம்மயக்கத்தை அஞ்சியே அமெரிக்க இசைக்குழுக்கள் பல, 1970களிலிருந்து, கலைஞரைத் திரைக்குப் பின்னே வாசிக்கச்செய்து தேர்ந்தெடுக்கும் முறையைக் கைக்கொண்டன. கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964 இல் மேடையையே துறந்தார். 1982 இல் மறையும்வரை ஒலிப்பதிவுக் கூடத்தையே தம் களமாகக் கொண்டார். அவரை மேடையைக்கொண்டு அளத்தல், நாகசுரக் கலைஞரைத் தட்டைக்கொண்டு அளத்தலை ஒத்த பிழையாகும்.

எனவே, எக்களத்திற்கென ஒரு கலை உருவாயிற்றோ, அக்களத்திலேயே கலைஞனின் தகுதி முதற்கண் துணியப்படுதல் வேண்டும். ஒலிப்பதிவு அதற்குச் சான்று கூறலாம். தீர்ப்புக் கூறல் தகாது. இவ்வேறுபாட்டை உணராதவிடத்து நேரும் இழப்புச் சிறிதன்று. 1980களில் திருகோணமலையில் ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையமொன்று அமைந்தது. 2013 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்படும்வரை அது தொலைநாடுகளுக்குக் குரல்களை அனுப்பியது. அதே நகரின் வீதிகளில் வாசித்த மேளக்காரரின் ஒலியோ நான்கு வீதிகளைத் தாண்டியதில்லை. 1983க்குப் பிந்திய போர்க்காலத்திலே கேட்டவர்களும் பல திசைகளிற் சிதறினர். தட்டு இல்லாமையாலேயே அக்கலைஞர் தகுதியற்றோர் ஆகிவிடார். அவர்களைக் கேட்ட முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்தம் நினைவுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, மிகையை நீக்கி, இன்றே எழுதிவைத்தல் தமிழ் மாணவர் கடனாகும்.