கேட்டவரைப் பொறுத்த மதிப்பெண்

நான் ஆசிரியராக இருந்தபோது, வாய் திறக்காத ஒரு பையனை மந்தம் என்று முடிவுகட்டியிருந்தேன். அவன் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள் என்பது ஆண்டு முடியும்போதுதான் தெரிந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த இரண்டு வழக்குகளைப் படித்ததும் அவன் நினைவுதான் வந்தது.

முதலாவது, 1970இல் நடந்த டயானா வழக்கு. மெக்சிக வழிக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர். வீட்டில் ஸ்பானிய மொழி. பள்ளியில் நுண்ணறிவுச் சோதனையோ ஆங்கிலத்தில். மதிப்பெண் குறைந்ததால் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். இரு மொழியும் அறிந்த உளவியலாளர் மறுபடி சோதித்து, எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்றார். சராசரியாக 15 புள்ளிகள் கூடின. பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல! இனித் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாட்டோடு வழக்கு முடிந்தது.

மொழி மட்டுமே தடை என்றால் அதோடு தீர்ந்திருக்கும். 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் வழக்குத் தொடுத்த ஆறு கறுப்பினப் பிள்ளைகள் பேசியது ஆங்கிலமே. ஆனாலும் 75 புள்ளிக்குக் கீழே போய் அதே மாதிரி வகுப்பில் விழுந்தார்கள். அந்நகரப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 28.5 சதவீதம், அந்த வகுப்புகளிலோ 66 சதவீதம்.

கறுப்பின உளவியலாளர்கள் அந்த ஆறு பேரையும் மீண்டும் சோதித்தார்கள். முதலில் பேசிப் பழகித் தயக்கத்தைப் போக்கினார்கள். பிள்ளைகளுக்குப் பழகிய சொற்களில் கேள்வி கேட்டார்கள். விடைத்தாளில் இல்லாத பதிலானாலும், அதில் புத்தி தெரிந்தால் மதிப்பெண் கொடுத்தார்கள். ஆறு பேரும் 75ஐத் தாண்டினார்கள்.

கேள்வியை மாற்றினால் அது சோதனையா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் ஒருமித்த கருத்து இல்லை. கறுப்பினப் பிள்ளைகளை அவ்வகுப்பில் சேர்க்க இச்சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்பளித்தார். மறு ஆண்டே சிகாகோவில் இன்னொரு நீதிபதி, சோதனைகளில் பெரிய குறையில்லை என்றார். ஆனால் இடையில், 1975இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், எந்தச் சோதனையும் இன, பண்பாட்டுப் பாகுபாடு இல்லாமல் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

தீர்ப்புகள் எப்படியோ போகட்டும். பிள்ளைகள் அதே பிள்ளைகள். கேட்டவர்கள் மாறியதும் மதிப்பெண் மாறியது. அந்தத் தெலுங்குப் பையனிடம் நான் ஆண்டு முழுவதும் கேள்வி கேட்டேனே தவிர, ஒரு நாளும் பேசியதில்லை.